காற்று எங்கிருந்து வருகிறது? – நாகூர் வானிலை கற்பிக்கும் பாடம்

வங்கக் கடலோரமாகச் சென்னையிலிருந்து தெற்கு நோக்கி வரைபடத்தில் விரலை நகர்த்திக்கொண்டே வாருங்கள். புதுச்சேரி, கடலூர், தரங்கம்பாடி, காரைக்கால் ஆகிய ஊர்களைக் கடந்ததும் நாகூர் வரும். அதற்குத் தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில் நாகப்பட்டினம். இன்னும் தெற்கே சென்றால் கோடிக்கரையில் கடற்கரை சட்டென்று மேற்கே திரும்பிவிடும்.

இப்போது உலக வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் வடகிழக்கில் ஈரி என்னும் பெரிய ஏரி இருக்கிறது. அதன் கிழக்கு முனையில் பஃபலோ என்ற நகரம் உள்ளது. தானியக் கிடங்குகளுக்கும் எஃகு ஆலைகளுக்கும் பெயர் பெற்றிருந்த தொழில் நகரம் அது. அங்கே குளிர்காலத்தில் ஆளை மூடுமளவு பனி கொட்டும். நாகூரில் பனி பெய்ததே இல்லை. இரண்டு ஊர்களுக்கும் என்ன தொடர்பு?

தொடர்பு இருக்கிறது. இரண்டும் பெரிய நீர்ப்பரப்பின் கரையில் அமைந்த ஊர்கள். இரண்டிலும் வானிலையை ஆட்டி வைப்பது நீருக்கும் நிலத்துக்கும் உள்ள வெப்ப வேறுபாடே. அந்த வேறுபாடு காற்றை உண்டாக்குகிறது. காற்று குளிர்ச்சியைக் கொண்டுவருகிறது, மழையைக் கொண்டுவருகிறது, புயலையும் கொண்டுவருகிறது. ஆலைகள் வந்த பிறகு புகையையும் தூசியையும் கொண்டுவருகிறது. ஆகவே நீரோரத்து ஊரில் வாழ்பவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: காற்று எங்கிருந்து வருகிறது?

ஊரின் அமைப்பும் பின்னணியும்

காவிரியின் கிளையான வெண்ணாற்றிலிருந்து பிரிவது வெட்டாறு. தஞ்சை, திருவாரூர் வயல்களுக்கு நீர் தந்துவிட்டு அது நாகூரில் கடலில் கலக்கிறது. ஆறுகள் பல நூற்றாண்டுகளாகக் கொண்டுவந்து படியவைத்த வண்டல் மண்ணே இப்பகுதி. ஆகவே நிலம் தட்டையாக இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரம்தான். காற்றைத் தடுக்கக் குன்றோ மலையோ அருகில் இல்லை.

இந்தத் தட்டை நிலத்தில் தொலைவிலிருந்தே தெரிபவை நாகூர் தர்காவின் ஐந்து மினாராக்கள். அவற்றுள் பெரியது 131 அடி உயரம். தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப் சிங் அதைப் பதினெட்டாம் நூற்றாண்டில் கட்டினார். தரையில் வீசும் காற்றை மரங்களும் வீடுகளும் உராய்ந்து தடுக்கின்றன. உயரே செல்லச் செல்ல இந்த உராய்வு குறைகிறது. காற்றின் வேகம் கூடுகிறது. தெருவில் இலை அசையாத நேரத்திலும் மினாராவின் உச்சியில் கொடி படபடப்பதற்குக் காரணம் இதுதான்.

தொழில் இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. 1861-ஆம் ஆண்டிலேயே நாகப்பட்டினத்துக்கும் தஞ்சாவூருக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. நாகையில் இருந்த ரயில்வே பணிமனை 1928-இல் திருச்சிக்கு அருகே பொன்மலைக்கு மாற்றப்பட்டது. பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற 'ரஜூலா' போன்ற கப்பல்கள் நாகைக்கு வந்து நின்றன. கரையோரம் ஆழம் குறைவாதலால் கப்பல்கள் தொலைவில் நங்கூரமிடும். பயணிகளும் சரக்கும் படகில் போய் ஏற வேண்டும். கடல் கொந்தளித்தால் அதுவும் நின்றுபோகும். அன்றைய கடல் வாணிபம் காற்றின் தயவில்தான் நடந்தது.

பிறகு காவிரிப் படுகையில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. நரிமணம் எண்ணெய்க் கிணறுகள் புகழ் பெற்றன. 1993-இல் நாகூருக்கு அருகே பனங்குடியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஒன்று நிறுவப்பட்டது. முதலில் ஆண்டுக்கு 5 லட்சம் டன்னாக இருந்த அதன் திறன் பின்னர் 10 லட்சம் டன்னாக உயர்த்தப்பட்டது. அதன் இடத்தில் 90 லட்சம் டன் திறனுள்ள புதிய ஆலைக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. நாகூருக்கு வடக்கே, புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த கீழவாஞ்சூரில், காரைக்கால் துறைமுகம் 2009-இல் செயல்படத் தொடங்கியது. அங்கே இறங்கும் சரக்குகளில் முக்கியமானது நிலக்கரி.

ஊரின் கிழக்கே கடல், மேற்கே நெல்வயல், வடக்கே துறைமுகம், உள்நாட்டுப் பக்கம் ஆலை. இந்த அமைப்பை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

நீரும் மணலும்

சித்திரை மாதத்து நண்பகலில் கடற்கரை மணலில் வெறுங்காலுடன் நிற்க முடியாது. நான்கு எட்டு நடந்து கடல் நீரில் கால் வைத்தால் குளிர்ச்சியாக இருக்கிறது. ஒரே சூரியன்தானே இரண்டின் மேலும் காய்கிறது? பிறகு ஏன் இந்த வேறுபாடு?

காரணங்கள் நான்கு. முதலாவது, தன்வெப்பம். ஒரு கிராம் நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்த ஒரு கலோரி வெப்பம் தேவை. ஒரு கிராம் உலர்ந்த மணலுக்கு ஏறத்தாழ அதில் ஐந்தில் ஒரு பங்கே போதும். இரண்டாவது, சூரிய ஒளி நீருக்குள் பல மீட்டர் ஆழம் வரை இறங்குகிறது. மணலிலோ மேற்பரப்போடு நின்றுவிடுகிறது. மூன்றாவது, அலைகள் நீரைக் கலக்கிக்கொண்டே இருப்பதால் மேலே சேர்ந்த வெப்பம் கீழேயும் பரவுகிறது. மணலைக் கலக்குவார் யாருமில்லை. நான்காவது, நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்கிறது.

ஆகவே நிலம் விரைவில் சூடேறும், விரைவில் ஆறும். கடல் மெதுவாகச் சூடேறும், மெதுவாக ஆறும். இந்த ஒரு வாக்கியத்தை நன்கு நினைவில் வையுங்கள். இனி வருவதெல்லாம் இதன் விளைவுகளே.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரே அளவுள்ள இரண்டு தகர டப்பாக்களை எடுத்து, ஒன்றில் உலர்ந்த மணலையும் மற்றொன்றில் நீரையும் நிரப்புங்கள். இரண்டிலும் ஒரே ஆழத்தில், மேற்பரப்பை ஒட்டி, வெப்பமானிகளைச் செருகி வெயிலில் வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவுகளைக் குறித்து வாருங்கள். ஒரு மணி நேரம் கழித்து இரண்டையும் நிழலுக்கு மாற்றி, மீண்டும் குறியுங்கள். வரைபடத் தாளில் இரு கோடுகள் வரைந்தால், மணலின் கோடு மலைபோல் ஏறி இறங்குவதையும் நீரின் கோடு மேடுபோல் தாழ்ந்திருப்பதையும் காண்பீர்கள்.

பகலில் கடற்காற்று, இரவில் நிலக்காற்று

காலை ஏறத்தாழ பத்து, பதினொரு மணி. நிலம் சூடேறிவிட்டது. அதை ஒட்டியுள்ள காற்று வெப்பமடைந்து விரிகிறது. எடை குறைந்து மேலே எழுகிறது. நிலத்தின் மேல் அழுத்தம் சற்றே குறைகிறது. கடலின் மேலுள்ள குளிர்ந்த, அடர்ந்த காற்று அந்த இடத்தை நிரப்பக் கரை நோக்கி நகர்கிறது. இதுவே கடற்காற்று. மேலே எழுந்த காற்று உயரத்தில் கடல் பக்கம் திரும்பிச் சென்று மெல்ல இறங்குகிறது. இப்படி ஒரு சுழற்சி உண்டாகிறது.

இரவில் இந்தச் சக்கரம் தலைகீழாகச் சுழல்கிறது. நிலம் ஆறிவிடுகிறது, கடல் வெதுவெதுப்பாகவே இருக்கிறது. இப்போது காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. இது நிலக்காற்று. விசைப்படகுகள் வருவதற்கு முன் மீனவர்கள் இந்தச் சக்கரத்தை வைத்தே தொழில் செய்தார்கள். விடியுமுன் நிலக்காற்றில் பாய் விரித்துக் கடலுக்குள் போவார்கள். பகலில் கடற்காற்று எழுந்ததும் அதே பாயால் கரை சேர்வார்கள்.

கடற்காற்று எல்லா நாளும் ஒரே நேரத்தில் வருவதில்லை. வைகாசி, ஆனி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்து பலமாக வீசும். அது வறண்ட உள்நாட்டைக் கடந்து வருவதால் சூடாக இருக்கும்; கடற்காற்றைக் கரைக்கு வரவிடாமல் தடுக்கும். இருவர் எதிரெதிரே கதவைத் தள்ளுவதுபோல இரு காற்றுகளும் கரையோரத்தில் மோதிக்கொள்கின்றன. நண்பகலில் கடற்காற்று வென்றால் வெப்பம் அத்துடன் நிற்கும். பிற்பகல் மூன்று மணி வரை தோற்றால் வெப்பநிலை ஏறிக்கொண்டே போகும். 'கடற்கரை ஊரில் இத்தனை வெயிலா?' என்று வெளியூர்க்காரர்கள் வியப்பது இப்படிப்பட்ட நாட்களில்தான்.

பெரிய ஏரிகளின் கரையிலும் இதே சக்கரம் உண்டு. மிச்சிகன் ஏரிக்கரையில் உள்ள சிகாகோ நகரில் கோடைக்காலப் பகலில் வீசும் ஏரிக்காற்று, கரையோரத் தெருக்களை உள்நகரத்தைவிடப் பல டிகிரி குளிர்ச்சியாக வைத்திருக்கும்.

நான்கு திசை, நான்கு பெயர்

காற்றுக்குப் பெயர் வைக்கும்போது அது போகும் திசையைப் பார்ப்பதில்லை. வரும் திசையைத்தான் பார்க்கிறோம். வடக்கிலிருந்து தெற்கே வீசுவது வடகாற்று. வானிலை அறிக்கையைப் படிக்கும் மாணவர்கள் பலர் தடுமாறும் இடம் இது. நம் முன்னோர் திசைக்கு ஒன்றாக நான்கு அழகிய பெயர்களை வைத்தார்கள். தெற்கிலிருந்து வருவது தென்றல். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. கொண்டல் என்ற சொல்லுக்கு மேகம் என்றும் பொருள் உண்டு. கிழக்குக் காற்றுக்கும் மழைக்கும் உள்ள உறவை அந்தச் சொல்லே காட்டுகிறது.

மழை தரும் கடல், பனி தரும் ஏரி

கடற்காற்று ஒரு நாளில் நிகழ்வது. இதையே பெரிய அளவில், ஓர் ஆண்டில் நிகழ்வதாக எண்ணிப் பாருங்கள், அதுதான் பருவக்காற்று. கோடையில் ஆசியக் கண்டம் சூடேற, கடற்காற்று கண்டத்தை நோக்கிப் பாய்கிறது. இது தென்மேற்குப் பருவக்காற்று. அது கொண்டுவரும் நீராவியில் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலை மறித்து மழையாக்கி விடுவதால், மலைக்குக் கிழக்கே உள்ள நமக்கு எஞ்சுவது குறைவு.

ஐப்பசி பிறக்கும்போது நிலைமை மாறுகிறது. கண்டம் குளிர்கிறது. அதன் மேல் அழுத்தம் கூடுகிறது. அங்கிருந்து காற்று தெற்கே புறப்படுகிறது. பூமி சுழல்வதால், வட அரைக்கோளத்தில் நகரும் காற்று தன் வலப்புறமாகத் திருப்பப்படுகிறது. ஆகவே வடக்கிலிருந்து புறப்பட்ட காற்று வடகிழக்குக் காற்றாகிறது. வங்கக் கடலைக் கடக்கும்போது அது நீராவியை அள்ளிக்கொள்கிறது. அப்போது கடல் மேற்பரப்பின் வெப்பநிலை 28 டிகிரி செல்சியஸ் அளவில் இருப்பதால் நீராவிக்குப் பஞ்சமில்லை. தமிழ்நாட்டுக் கரையைத் தொட்டதும் காற்றின் வேகம் உராய்வால் குறைகிறது, பின்னால் வரும் காற்று நெருக்குகிறது, காற்று மேலெழும்புகிறது, குளிர்ந்து மழையாகிறது. கடலில் உருவாகும் தாழ்வழுத்த மண்டலங்கள் இந்த மழையைப் பன்மடங்கு ஆக்குகின்றன.

நாகப்பட்டினம் பகுதியின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 1,350 மில்லிமீட்டர். அதில் மூன்றில் இரண்டு பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்றே மாதங்களில் பெய்துவிடுகிறது. தமிழ்நாடு முழுவதற்குமான ஆண்டுச் சராசரி 1,000 மில்லிமீட்டருக்கும் குறைவு என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனி பஃபலோவுக்குப் போவோம். நவம்பரில் வட கனடாவிலிருந்து கடுங்குளிர்க் காற்று புறப்பட்டு வருகிறது. ஈரி ஏரி அப்போது இன்னும் முழுவதும் ஆறவில்லை. ஏரியின் நீளவாக்கில், மேற்கிலிருந்து கிழக்காகக் காற்று முன்னூறு கிலோமீட்டருக்கு மேல் நீரின் மீது வரும்போது வெப்பத்தையும் நீராவியையும் எடுத்துக்கொள்கிறது. கிழக்குக் கரையைத் தொட்டதும் அவ்வளவையும் பனியாகக் கொட்டுகிறது. 2014 நவம்பரில் பஃபலோவின் தென்பகுதிகளில் மூன்று நாட்களுக்குள் ஐந்தடிக்கு மேல் பனி குவிந்தது. நகரின் வடபகுதியிலோ சில அங்குலங்களே விழுந்தன. காற்றின் பாதை ஒரு குறுகிய பட்டையாக இருந்ததே காரணம். குளிர்காலத்தின் நடுவில் ஏரி உறைந்துவிட்டால் நீராவி கிடைக்காது, பனிப்பொழிவும் குறைந்துவிடும்.

குளிர்ந்த கண்டத்துக் காற்று, வெதுவெதுப்பான நீர்ப்பரப்பு, எதிர்க்கரையில் ஓர் ஊர் — இந்த மூன்றும் சேர்ந்தால் பஃபலோவில் பனி, நாகூரில் மழை.

இந்த மழையை நம்பியே தஞ்சைத் தரணியில் சம்பா நெல் விளைகிறது. மழைக்காலத்தில் மேற்கே பார்த்தால் வயல்கள் எல்லாம் நீர் நிறைந்து ஆழமற்ற ஓர் ஏரிபோலத் தோன்றும். அப்போது நாகூர் இருபுறமும் நீர் சூழ்ந்த ஊர். நிலமும் ஈரமாக இருப்பதால் கடலுக்கும் நிலத்துக்கும் வெப்ப வேறுபாடு குறைகிறது. அன்றாடக் கடற்காற்றின் வலுவும் குறைகிறது. முதலில் கற்ற பாடம் இங்கேயும் பொருந்துவதைக் கவனியுங்கள்.

புயலின் இருப்பிடத்தை அறிவது எப்படி?

1952 நவம்பர் 30 அன்று நாகப்பட்டினம் அருகே ஒரு கடும்புயல் கரையைக் கடந்தது. 1977 நவம்பர் 12 அன்று மீண்டும் ஒரு கடும்புயல் நாகையை ஒட்டிக் கரை கடந்தது. தமிழ்நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2018 நவம்பர் 16 அதிகாலையில் 'கஜா' புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையேறி, டெல்டா மாவட்டங்களின் தென்னந்தோப்புகளை வீழ்த்தியது. மூன்றும் நவம்பரில் நிகழ்ந்தது தற்செயலல்ல. அந்த மாதத்தில் வங்கக் கடல் இன்னும் வெப்பமாக இருக்கிறது. தாழ்வழுத்தங்கள் உருவாகும் பகுதியும் தெற்கே இறங்கிவந்து நம் கரைக்கு நேராக இருக்கிறது.

புயல் என்பது தாழ்வழுத்த மையத்தைச் சுற்றிச் சுழலும் காற்று. வட அரைக்கோளத்தில் அது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். இதிலிருந்து எளிய விதி ஒன்று கிடைக்கிறது. டச்சு அறிஞர் பைஸ் பாலட் 1857-இல் இதை வெளியிட்டார். காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள்; உங்கள் இடக்கைப் பக்கம் தாழ்வழுத்தம் இருக்கும்.

நாகூரில் இருந்துகொண்டே பயன்படுத்திப் பார்ப்போம். காற்று வடக்கிலிருந்து வீசுகிறது என்று கொள்வோம். வடக்குக்கு முதுகைக் காட்டினால் முகம் தெற்கே, இடக்கை கிழக்கே. புயல் கிழக்கே கடலில் இருக்கிறது! பிறகு காற்று மெல்ல மெல்ல வடகிழக்கு, கிழக்கு, தென்கிழக்கு என்று மாறினால், புயல் மையம் நமக்குத் தெற்கே கரையைக் கடக்கிறது. மாறாக வடமேற்கு, மேற்கு, தென்மேற்கு என்று மாறினால், மையம் வடக்கே போகிறது.

இவ்விரண்டில் ஆபத்து அதிகமானது முதல் நிலையே. கிழக்கிலிருந்து வீசும் புயற்காற்று கடல் நீரைக் கரைமேல் தள்ளும். கடல் மட்டம் உயர்ந்து நீர் ஊருக்குள் ஏறும். நிலம் தட்டையாதலால் நீர் வெகுதூரம் வரும். அதே வேளையில் ஆற்று வெள்ளமும் கடலுக்குள் வடிய முடியாமல் வயல்களில் தேங்கும். டெல்டாவில் பயிர் மூழ்குவதற்கு வானிலிருந்து விழும் மழை மட்டும் காரணமல்ல. வாசலில் உயர்ந்து நிற்கும் கடலும் காரணம்.

இன்னொரு நிலையும் உண்டு. பேய்க்காற்று அடித்துக்கொண்டிருக்கும்போதே சட்டென்று அமைதியாகலாம். புயல் ஓய்ந்தது என்று வெளியே வந்துவிடக் கூடாது. அது புயலின் கண்ணாக இருக்கலாம். சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று மீண்டும் வீசும்.

பைஸ் பாலட் விதி நமக்கு அறிவைத் தரும். ஆனால் முன்னெச்சரிக்கை தருவது வானிலை நிலையமே. செயற்கைக்கோளும் ரேடாரும் புயலைப் பல நாட்களுக்கு முன்பே கண்டுபிடிக்கின்றன. துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகளுக்கு 1 முதல் 11 வரை எண்கள் உண்டு. எண் கூடக் கூடப் பொதுவாக ஆபத்து நெருங்குகிறது என்று பொருள்.

ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட ஆழிப்பேரலை வானிலையால் உண்டானதன்று. சுமத்ரா அருகே கடலுக்கடியில் ஏற்பட்ட நிலநடுக்கமே அதற்குக் காரணம். அன்று இங்கே புயலும் இல்லை, பெருமழையும் இல்லை.

புகை போகும் வழி

கடற்காற்றின் சக்கரத்தை மீண்டும் நினைவுக்குக் கொண்டு வாருங்கள். கரையோரத்தில் ஓர் ஆலையின் புகைபோக்கி நிற்கிறது. பகலில் கடலிலிருந்து வரும் குளிர்ந்த காற்று கலங்காமல் அடுக்கடுக்காக நகர்கிறது. அதில் கலந்த புகை மேலும் கீழும் பரவாமல் ஒரு நாடாபோல உள்நாட்டை நோக்கிச் செல்கிறது. ஆலைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் புகை தலைக்கு மேலே போய்விடுகிறது. ஆனால் சில கிலோமீட்டர் சென்றதும், சூடான நிலத்தால் கொதிக்கும் உலைபோல் கலங்கும் காற்றை அந்த நாடா எட்டுகிறது. உடனே புகை முழுவதும் தரைக்கு இழுக்கப்படுகிறது. ஆலையிலிருந்து வெகுதூரத்தில் வாழ்பவர்கள் மூச்சுத் திணறுகிறார்கள். மிச்சிகன் ஏரிக்கரையில் 1970-களில் ஆராய்ச்சியாளர்கள் இதை நேரில் அளந்து காட்டினார்கள். ஆகவே 'புகைபோக்கி எவ்வளவு உயரம்?' என்று கேட்டால் மட்டும் போதாது. 'கரையிலிருந்து எவ்வளவு தொலைவு? காற்று எந்தப் பக்கம்?' என்றும் கேட்க வேண்டும்.

தூசியின் கணக்கு இன்னும் சுவையானது. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். 100 மைக்ரான் குறுக்களவுள்ள கரித்துகள், அசையாத காற்றில் வினாடிக்குச் சுமார் 30 சென்டிமீட்டர் வேகத்தில் விழும். 10 மைக்ரான் துகளோ வினாடிக்குச் சுமார் 4 மில்லிமீட்டர்தான் இறங்கும். 10 மீட்டர் உயரமுள்ள கரிக்குவியலின் உச்சியிலிருந்து இரண்டும் கிளம்புகின்றன என்றும், காற்றின் வேகம் வினாடிக்கு 5 மீட்டர் என்றும் கொள்வோம். பெரிய துகள் 33 வினாடியில் தரையைத் தொடும். அதற்குள் 165 மீட்டர் போயிருக்கும். சிறிய துகள் தரையைத் தொட 2,500 வினாடி ஆகும். அதற்குள் அது பன்னிரண்டரை கிலோமீட்டர் போய்விடும்! காற்றின் சுழல்கள் துகள்களை மேலும் கீழும் அலைக்கழிப்பதால் உண்மைத் தொலைவு கூடவோ குறையவோ செய்யும். ஆனால் இரண்டுக்கும் உள்ள ஏற்றத்தாழ்வு இப்படித்தான் இருக்கும். கண்ணுக்குத் தெரிந்து திண்ணையில் படியும் கரியைத் துடைத்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாத துகளே நுரையீரல் வரை போகிறது.

துறைமுகத்து நிலக்கரித் தூள் வீடுகளில் படிவதாக நாகூர் மக்கள் முறையிட்டு வந்திருக்கிறார்கள். துறைமுகம் இருப்பது வடக்கே. எனவே வாடையும் வடகிழக்குக் காற்றும் வீசும்போது தூசு தெற்கே நாகூர்ப் பக்கம் நகரும். ஐப்பசி, கார்த்திகையில் மழை தூசியைக் கழுவிவிடும். மழை ஓய்ந்து, வடகிழக்குக் காற்று மட்டும் தொடரும் தை, மாசி நாட்களில் அந்த உதவியும் இல்லை. சித்திரை மாதத்துப் பிற்பகலில் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று வீசினால், தூசு போகும் பக்கத்தில் இருப்பது திருமலைராயன்பட்டினம். மேற்கிலிருந்து கோடைக்காற்று அடித்தால் துறைமுகத்துத் தூசு கடலுக்குப் போகும். ஆனால் உள்நாட்டுப் பக்கம் உள்ள ஆலைகளின் புகை கரையோர ஊர்களை நோக்கி வரும். காற்று மாறினால் பாதிக்கப்படும் ஊரும் மாறுகிறது.

இதற்குப் பரிகாரம் இல்லாமல் இல்லை. கரிக்குவியலை நீர் தெளித்து ஈரமாக வைக்கலாம். குவியலை மூடலாம். காற்றுத் தடுப்பு வேலிகளும் மரவரிசைகளும் காற்றின் வேகத்தைக் குறைக்கும். கரி ஏற்றிச் செல்லும் ரயில் பெட்டிகளையும் லாரிகளையும் மூடி அனுப்பலாம். காற்று ஊரை நோக்கிப் பலமாக வீசும் நேரத்தில் கரி அள்ளும் வேலையை நிறுத்தி வைக்கலாம். இந்தக் கடைசி வழிக்குச் செலவு அதிகமில்லை. காற்றைக் கவனிக்கும் ஆள் இருந்தால் போதும்.

நீங்களே வரையலாம் காற்று மலர்

தொழிற்சாலைக்கு இடம் தேர்ந்தெடுக்கும் பொறியாளர்கள் 'காற்று மலர்' என்னும் படத்தைப் பார்ப்பார்கள். எந்தத் திசையிலிருந்து எத்தனை முறை காற்று வீசியது என்பதைக் காட்டும் படம் அது. அதை நீங்களும் வரையலாம்.

பள்ளி மாடியில், சுவரும் மரமும் மறைக்காத இடத்தில், ஒரு கழியை நட்டு மெல்லிய துணிநாடாவைக் கட்டுங்கள். திசைகாட்டி கொண்டு எட்டுத் திசைகளையும் தரையில் குறியுங்கள். காலை ஏழு மணி, நண்பகல், மாலை ஐந்து மணி என நாள்தோறும் மூன்று முறை காற்று வரும் திசையைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். நாடா பறப்பது காற்று போகும் திசையில். நீங்கள் எழுத வேண்டியது அதற்கு எதிர்த்திசை. ஒரு மாதம் முடிந்ததும், ஒரு புள்ளியிலிருந்து எட்டுத் திசைகளிலும் கோடுகள் வரையுங்கள். ஒரு முறைக்கு அரை சென்டிமீட்டர் என்று அளவு வைத்துக்கொள்ளுங்கள். கோடுகளின் நுனிகளை இணைத்தால் இதழ் விரிந்த பூப்போல ஒரு படம் கிடைக்கும்.

காலைக்கு ஒன்று, நண்பகலுக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று எனத் தனித்தனிப் படம் வரைந்தால், நிலக்காற்றும் கடற்காற்றும் இடம் மாறுவது தெளிவாகத் தெரியும். மாதந்தோறும் வரைந்து ஓராண்டில் பன்னிரண்டு படங்களையும் வரிசையாக ஒட்டினால், கோடையிலிருந்து கொண்டலுக்கும் வாடைக்கும் பருவம் திரும்புவதைக் காணலாம். பிறகு உங்கள் ஊர் வரைபடத்தின் மேல் அப்படங்களை வைத்து, ஆலை எங்கே, குப்பை எரிக்கும் இடம் எங்கே, பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் எங்கே என்று பாருங்கள். எந்த மாதத்தில் எந்தத் தெருவுக்குப் புகை வரும் என்பதை முன்கூட்டியே சொல்ல முடியும்.

உங்கள் ஊர் கடற்கரையில் இல்லாவிட்டாலும் குறையில்லை. பெரிய ஏரியோ நீர்த்தேக்கமோ அருகில் இருந்தால் அங்கும் சிறிய அளவில் இந்தச் சக்கரம் சுழலும். நாடாவைக் கட்டிக் கவனியுங்கள். நாளை உங்கள் ஊரில் புதிய ஆலைக்கு இடம் பார்க்கும்போது, உங்கள் குறிப்பேடு அந்தக் கூட்டத்துக்குப் பயன்படும்.